துண்டுக்கல் தரை

ஜெகதேவி ரோட்டில் லோன் போட்டுக் கட்டியது,
ஒரே அறை, பத்துக்குப் பன்னிரண்டு.
தரைக்குப் போட்டதெல்லாம் பட்டறையில் மிஞ்சிய துண்டு:
ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு,
மீன் செதிலாய் மினுங்கும் ஒன்று.
ஞாயிறுதோறும் மொபெட்டில் கட்டிக் கொண்டுவந்து
திம்மராயனே பதித்தான்.
வழுக்கும், பார்த்து நட என்றார்கள் எல்லோரும்.
சத்தம் வழுக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

பிள்ளை வந்த பிறகுதான் தெரிந்தது.

அவள் ஒரு முறை அழுதால் சுவர் ஒரு முறை அழும்.
கூரை அதை வாங்கித் தரைக்குத் தரும்.
தரை ஒரு சொட்டும் உறிஞ்சாமல்
என் காதில் கொட்டும்.
தோளில் போட்டுத் தட்டும்போது
எந்தப் பிள்ளையைத் தட்டுகிறேன் என்று குழம்புவேன்.
கரண்டி ஒன்று கைதவறினால் போதும்,
பால் குடித்தபடி உறங்குபவள்
இரண்டு கையும் விரித்துத் துள்ளுவாள்
எதையோ பிடிக்க.

அவனுக்கு அழுகை கேட்காது.
முதல் மாதம் நான் நம்பவில்லை.
இரவு இரண்டு மணிக்கு
அறை முழுக்க அழுகை பந்தடிக்க
நடுவில் ஒருவன் வாய் பிளந்து தூங்கினால்
யார்தான் நம்புவார்கள்?
காலால் ஓர் உதை விட்டேன்.
எழுந்து, "தண்ணி வேணுமா?" என்றான்.
பிறகு டியூப் லைட்டைப் போட்டு
பிள்ளையின் வாயைப் பார்த்து
அழுகிறாள் என்று தெரிந்துகொண்டான்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில்
கோடு போட்ட தாள் ஒன்று கொடுத்தார்கள்.
பாதி தூரம் சமதளமாய் வந்த கோடு
சட்டென்று தொப்பூர் இறங்கியது.
பத்து வருஷம்
கட்டிங் மிஷின் பக்கத்தில் நின்ற காது.
லாரி கேட்கும். இடி கேட்கும்.
என் திட்டில் பாதி கேட்கும், கீழ்ப்பாதி.
மெல்லிசாய் உயரும் எதுவும் கிடையாது:
குக்கர் விசில்,
இப்போது இவள்.

எனக்கு நேர் எதிர்.
குழாய்த் தண்ணீருக்குள் அழுகிறாள்.
மிக்ஸிக்குள் அழுகிறாள்.
சோப்பு நுரையோடு ஓடிவந்து பார்த்தால்
அயர்ந்து தூங்குகிறாள்.
ஒரு காதை இருவரும்
தப்பாகப் பங்கு போட்டுக்கொண்டோம்.

தடுப்பூசிக் கணக்கு எழுத வந்த நர்ஸ்
வாசலிலேயே நின்று,
"கெணத்துக்குள்ள பேசற மாதிரி இருக்கே" என்றார்.
அவர் சாதாரணமாகச் சொன்னதுதான்.
எனக்கு அன்று முழுக்க அதே நினைப்பு.

கேழ்வரகுச் சாக்கு பதினான்கு
மண்டியில் கேட்டு வாங்கினேன்.
துவைத்து, மொட்டைமாடியில் காய வைத்து,
இரண்டிரண்டாய்த் தைத்து, உள்ளே பழந்துணி திணித்து
இரண்டு சுவரை மூடினோம்.
கல்யாணத்துக்கு வந்து பிரிக்காத ஜமுக்காளம் தரைக்கு.
அவன் பதித்த மினுங்கும் கல்லை மூடும்போது மட்டும்
ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு அவள் அழுதாள்.
ஒரே ஒரு முறை, ஒரே ஓர் இடத்திலிருந்து.
எவ்வளவு சின்ன அழுகை அது!
இதற்கா நாற்பது நாளாக நடுங்கினேன்?

ஆனால் அமைதிக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை.
மணிக்கொரு தரம் எழுந்து
மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன்.
ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டான்.
மறுநாள் தூளியிலிருந்து நைலான் கயிறு இழுத்துத்
தன் கணுக்காலில் முடிச்சுப் போட்டுக்கொண்டான்.
லாரி டிரைவர்கள் போடும் முடிச்சு.

நள்ளிரவு. அவள் உதைக்கிறாள்.
அழுகை வாய்க்கு வரும் முன்பே கயிறு இழுக்க
அவன் எழுந்துவிட்டான்.
தனக்கே பாதிதான் கேட்கும் குரலில்
ஏதோ முனகியபடி
ஜமுக்காளத்தில் நடக்கிறான்,
காலில் கயிற்றோடு.

நான் எழவில்லை.
சாக்கின் தையலிலிருந்து
ஒரு கேழ்வரகு உதிர்ந்து
ஜமுக்காளம் எட்டாத மூலையில் விழுவது கேட்டது.
அல்லது கேட்டதாக.